மனைக்கட்டு முதல் புறநகர் வரை: நாம் குடியிருந்த மண்ணின் வரலாறு

நம் கல்விச் சங்கம் தன் வெள்ளி விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், அதன் மலரில் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வரைய வேண்டும் என்று நிர்வாகிகள் பணித்தனர். மன்னார்குடியின் வரலாறு என்றவுடன் இராசகோபால சுவாமி கோயிலும், அதன் நெடிய கோபுரமும், கடல் போல் விரிந்த அரித்திராநதித் தெப்பக்குளமும் நம் கண்முன் நிற்கும். சோழர் கட்டியதையும் நாயக்கர் விரித்ததையும் எழுதியோர் பலர். அக்கோபுரத்திற்குக் கல் சுமந்தவனும், அதன் நிலங்களில் நாற்று நட்டவளும் இரவில் எங்கே படுத்துறங்கினர் என்று எழுதியோர் மிகச் சிலரே. இக்கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது.

இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. நம் இளைஞருள் பலர் இன்று ஊரை விட்டு நகரின் ஓரத்தில் மனை வாங்குகின்றனர். அல்லது சென்னை, திருப்பூர் ஆகிய நகரங்களின் புறத்தே குறைந்த வாடகைக்குக் குடியேறுகின்றனர். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்கின்றனர். மகிழ்ச்சி நியாயமானதே. எனினும், மலிவான வீட்டிற்குக் குறைந்த விலையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, எஞ்சிய விலையை வேறு வகையில் பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டிருப்போர் பலர். நூறாண்டு காலக் குடியிருப்பு வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு தலைமுறையும் மூன்று வினாக்களுக்கு விடை தேடியிருப்பதைக் காணலாம். நாம் படுக்கும் மண் யாருடையது? அது வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தொலைவு? நம் அயலார் யார்? இம்மூன்றையும் மனத்திற்கொண்டு வரலாற்றுள் நுழைவோம்.

பண்ணையின் மனைக்கட்டு

பழைய தஞ்சை மாவட்டத்தில் நிலம் பெரும்பாலும் மிராசுதார்களிடமும், கோயில்களிடமும், மடங்களிடமும் இருந்தது. உழைத்தவன் பண்ணையாள். அவனுடைய குடிசை நின்ற மனைக்கட்டும் பண்ணைக்கே உரியது. மூங்கிலும் கீற்றும் வைக்கோலும் கொண்டு கட்டிய கூரை அவனுடையது. கூரைக்குக் கீழ் இருந்த மண் அவனுடையதன்று. ஆண்டையின் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசினால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். மனைவி மக்களோடு வாய்க்கால் கரையில் நிற்க வேண்டும். அடுத்த ஊரில் வேறொரு மிராசுதார் இடம் தருவதும் எளிதன்று.

சாட்டையடியையும் சாணிப்பாலையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அக்கொடுமைகளை மக்கள் ஏன் பொறுத்திருந்தனர் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அவர்களிடம் வீரம் இல்லாமற் போகவில்லை. நிற்க அடி மண் இல்லாமற் போயிற்று. கூலி, கடன், வீடு மூன்றும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையை எதிர்ப்பவன் மூன்றையும் ஒரே நாளில் இழந்தான். வீட்டு வாடகை கொடாமல் குடியிருந்த அந்த வாழ்க்கைதான் நம் வரலாற்றிலேயே மிகுந்த விலை கொடுத்த வாழ்க்கை.

அரசு தந்த மனை

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விரிவான அறிக்கையாக அரசுக்கு அனுப்பினார். நிலமும் மனையும் இல்லாமையே அவர்களது அடிமைத்தனத்தின் வேர் என்பது அவ்வறிக்கையின் சாரம். அதன் பயனாக 1892-இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழங்குவது இவ்வழி வந்ததே.

தஞ்சையில் ஒதுக்குவதற்கு அத்தகைய தரிசு நிலம் மிகுதியாக இல்லை. கைப்பிடி மண்ணும் நன்செய்யாக இருந்த காவிரிப் படுகையில், மனைக்கு இடம் வேண்டுமெனில் மிராசுதாரின் நிலத்தை விலைக்கு எடுத்தாக வேண்டும். 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையரின் கீழ் ஒரு துறை இயங்கத் தொடங்கியது. ஒடுக்கப்பட்டோருக்கு மனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை அமைப்பது அதன் கடமைகளுள் சேர்ந்தது. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டு மனை எடுக்கப்பட்டது. அதன் விலையைக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகத் தவணை தவணையாக உழைப்பாளரே திருப்பிச் செலுத்த வேண்டும். அரைவயிற்றுக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்து மனைக்கடன் கட்டிய அந்தப் பாட்டன்மாரை நாம் மறந்துவிட்டோம். இலவசம் பெற்றே பழகியவர்கள் என்று நம்மை இழித்துரைப்போர் அறிய வேண்டிய செய்தி இது. வீட்டுக்கடன் தவணை என்பது நமக்குப் புதிதன்று. ஏறக்குறைய நூறாண்டுப் பழக்கம்.

மனை மட்டும் போதுமா? தெருவில் நடக்கவும் உரிமை வேண்டுமே! 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பொது இடங்களையும் எல்லா வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 1866-ஆம் ஆண்டிலேயே நகராட்சி கண்ட ஊர் மன்னார்குடி. நகராட்சியின் தெருவில் நகராட்சிக்கு வரி செலுத்துவோர் நடக்கலாம் என்பதற்கும் ஒரு தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

சங்கம் கண்ட மண்

1943-இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். மன்னார்குடியை அடுத்த தென்பரையில் விவசாயிகள் சங்கம் வேரூன்றியது. கன்னட நாட்டில் பிறந்த அவர், நம் மக்களின் குடிசைகளிலேயே தங்கி, அவர்கள் உண்டதையே உண்டு, அவர்கள் மொழியிலேயே பேசினார். நம்மிலிருந்தே எழுந்த களப்பால் குப்பு ஊர் ஊராக நடந்து சங்கம் வளர்த்தார். 1948-இல் சிறையிலேயே உயிர் நீத்தார். 1944-இல் மன்னார்குடியில் நடந்த பேச்சின் விளைவாகச் சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்ற உடன்பாடு ஏற்பட்டது. 1948-இல் மாயூரம் ஒப்பந்தம் கூலியைப் பற்றிப் பேசியது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது ஏறத்தாழ 6 2/3 ஏக்கருக்கு, மேல் நிலம் உடையவரிடம் வேலை செய்த பண்ணையாளை நினைத்தவுடன் நீக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது.

ஆனால் சட்டம் வந்தபின் பண்ணையாள்கள் பலர் தினக்கூலிகளாக மாற்றப்பட்டனர். பண்ணையாள் இல்லையெனில் பண்ணையாள் சட்டமும் இல்லை அல்லவா? அடிமைத்தளை அறுந்தது, அதனோடு மனைக்கட்டில் இருந்துவந்த பிடியும் தளர்ந்தது. எனவே 1961-இல் குடியிருப்போரை வெளியேற்றுவதினின்று காக்கும் சட்டம் ஒன்று வேண்டியதாயிற்று.

1968-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் இரவு. கீழ்வெண்மணியில் கூலி உயர்வும் சங்கக் கொடியும் பகையாகிவிட்ட நிலையில், தாக்க வந்தோருக்கு அஞ்சிப் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக இராமையாவின் குடிசைக்குள் புகுந்தனர். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகி மாண்டனர். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றதையும் வரலாறு பதிந்து வைத்துள்ளது. கல்லும் காரையும் கொண்ட ஒரு வீடு அன்று அத்தெருவில் இருந்திருப்பின் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. வீட்டுக்கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமன்று.

அதன்பின் அரசு விரைந்தது. 1969-இல் கணபதியா பிள்ளை தலைமையில் குழு அமைந்தது. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் அவ்வாண்டே வந்தது. 1971-இல் குடியிருப்போருக்கு மனையை உரிமையாக்கும் சட்டம் நிறைவேறியது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளி, அந்த மனைக்கே உரிமையாளன் ஆனான். நம் மக்களின் வரலாற்றில் கோபுரம் எழுந்த நாளை விட மிகப் பெரிய நாள் அது. முதல் வினாவிற்கு அன்றுதான் சட்டத்தில் விடை கிடைத்தது. உரிமை வந்த பிறகும் கையில் சான்று வந்து சேராதவர் உண்டு. தந்தையின் பெயரிலேயே இருக்கும் பட்டாவை மக்கள் பெயருக்கு மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.

காலனி என்னும் பெயர்

1974-இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கெனத் தனிக் கழகம் ஒன்றைத் தமிழக அரசு தொடங்கியது. தாட்கோ என்று இன்று நாம் கடனுதவிக்கு நாடிச் செல்வது அதுவே. அதன் முதற்பணி வீடு கட்டுவதாக இருந்தது. 1978-இல் இயற்றப்பட்ட சட்டம், நம் மக்களுக்கான மனைகளுக்கு நிலம் எடுக்கும் முறையை எளிதாக்கியது. அதனை எதிர்த்து நிலவுடைமையாளர்கள் உச்சநீதிமன்றம் வரை சென்றனர். இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சிய சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985-இல் நடுவண் அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. கீற்றுக் கூரைகள் ஓடாகவும் தளமாகவும் மாறத் தொடங்கின. கீழத்தஞ்சையில் கிருஷ்ணம்மாளும் செகந்நாதனும் 1981-இல் லாப்டி இயக்கத்தைத் தொடங்கி, உழுவோருக்கு நிலத்தையும் பின்னர் வீட்டையும் பெற்றுத் தந்த தொண்டும் இங்கே நன்றியுடன் குறிக்கத்தக்கது.

இவையெல்லாம் நற்பேறே. ஆயினும் வீடு எங்கே கட்டப்பட்டது என்று பாருங்கள். ஊரிலிருந்து விலகி, பெரும்பாலும் வடிகாலை ஒட்டிய பள்ளத்திலோ, சுடுகாட்டுப் பாதையிலோ இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மலிவான நிலம் அங்கேதான் கிடைத்தது. சுவர் மாறியது, திசை மாறவில்லை. பழைய சேரி ‘காலனி’ ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதலில் நீர் புகுந்ததும், கடைசியாகச் சாலை வந்ததும் அங்கேதான். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளைச் சூறையாடியபோது, தென்னை இழந்தோர் ஒருபுறம் இருக்க, கூரை இழந்து பள்ளிக்கூடங்களில் தஞ்சம் புகுந்தோரில் நம் மக்களின் பங்கு எத்துணை என்பதை அன்று பள்ளிகளைத் திறந்துவிட்ட ஆசிரியர்கள் அறிவோம்.

காலனி என்னும் சொல்லும் காலப்போக்கில் சாதியைச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. 2025 ஏப்ரல் 29-ஆம் நாள் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் சாதிப்பெயர் தாங்கிய தெருக்களுக்கு வேறு பெயரிட அரசாணை வெளிவந்தது. பெயர் மாற்றம் நன்று. பெயர் மாறிய தெருவிற்கு வடிகாலும் விளக்கும் வந்தால் இன்னும் நன்று.

நகரத்தின் ஓரம்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு மாற்றம் புலனாகும். தந்தையின் தொழில் என்ற பகுதியில் முன்பு ‘விவசாயக் கூலி’ என்றே வரிசையாக இருக்கும். இப்போது கொத்தனார், ஓட்டுநர், பனியன் தொழிலாளி, வெளிநாட்டில் வேலை என்று பலவாறு வருகிறது. பள்ளி மாறும் மாணவர் கேட்கும் மாற்றுச் சான்றிதழ்களில் திருப்பூரும் சென்னையும் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. காவிரி நீர்ச் சிக்கலும், குறுவை பொய்த்த ஆண்டுகளும், நடவிற்கும் அறுவடைக்கும் எந்திரம் வந்ததும் இதற்குக் காரணங்கள். 1991-இன் இடைக்காலத் தீர்ப்பும், 2007-இன் இறுதித் தீர்ப்பும், 2018-இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் நீரின் பங்கைக் கூறின. நிலமற்ற கூலியின் வேலை நாளைக் கூறவில்லை. 2011-இல் மன்னார்குடிக்கு மீண்டும் இரயில் வந்து, மன்னை விரைவு வண்டி சென்னைக்கு ஓடத் தொடங்கியபின் இப்பெயர்வு மேலும் எளிதாயிற்று.

சென்னைக்குச் செல்வோன் எங்கே குடியேறுகிறான்? நகரின் நடுவே வாடகை எட்டாது. ஆகவே ஓரத்திற்குப் போகிறான். ஓரத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல சான்று கண்ணகி நகர். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தந்தது. கடற்கரையோரத்து நொச்சிக்குப்பம் அதற்கு எடுத்துக்காட்டு. பின்னாளில் நிலத்தின் விலை ஏறவே, நகருள் வாழ்ந்தவர்களைத் தொலைவிற்குக் கொண்டுசெல்லும் முறை வந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் உருவாயிற்று. பின்பு செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் வந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஆற்றோரக் குடிசைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஏழைகள் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டனர். அவர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் மிகப் பலர்.

அங்கே அவர்களுக்குக் கல் வீடு கிடைத்தது. இழந்தது என்ன? வீட்டு வேலைக்குச் சென்ற பெண்ணுக்கு நடைத் தொலைவில் இருந்த வேலை, இரண்டு பேருந்துத் தொலைவிற்குப் போயிற்று. பேருந்துக் கட்டணம் கூலியைத் தின்றது. பழைய பள்ளியில் படித்த பிள்ளைகளில் சிலர் படிப்பையே விட்டனர். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த ஆண்டுகள் பல. இவற்றினும் கொடியது, முகவரியைக் கேட்டவுடன் வேலை தர அஞ்சியவர்களும் கடன் தர மறுத்தவர்களும் இருந்தமை. சேரி என்ற பெயருக்கு ஊரில் இருந்த சுமையை, நகரத்தில் ஒரு குடியிருப்பின் பெயர் சுமந்தது. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே கண்ணகி நகரிலிருந்து புறப்பட்ட ஓர் இளம்பெண், 2025-இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் பொன் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவியாக விளங்கினாள். முகவரிக்கு இழிவு இயல்பன்று. அது பிறர் ஏற்றிய சுமை என்பதற்கு அவளே சான்று.

அயலார் யார்?

மூன்றாம் வினாவிற்கு வருவோம். 1990-களின் இறுதியில் நான் ஆசிரியப் பணியேற்று ஒரு சிற்றூரில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் வாடகையைப் பற்றிப் பேசவில்லை. ‘சார், சொந்த ஊரில் எந்தத் தெரு?’ என்றே வினவினார். சொன்னேன். வீட்டை மகனுக்கு ஒதுக்கிவிட்டதாக அவருக்கு உடனே நினைவு வந்தது. பி.ஏ., பி.எட். பட்டங்களும் அரசுப் பணி ஆணையும் என் கையில் இருந்தன. அவற்றை அவர் கேட்கவே இல்லை. இத்தகைய நிகழ்ச்சி இல்லாத குடும்பம் நம்மில் அரிது என்பதாலேயே இதனைக் கூறினேன்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 முதல் நியூயார்க்கு அருகே லெவிட்டவுன் என்னும் புறநகர் எழுந்தது. தொழிற்சாலையில் பொருள் செய்வது போல் ஒரே அச்சில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டிச் சாதாரண மக்களுக்குக் குறைந்த விலையில் தந்தனர். உலகமே வியந்தது. ஆனால் வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று 1948-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறிய பின்னும் வீடு கட்டியோர் கருப்பருக்கு விற்கவில்லை. 1957-இல் பென்சில்வேனியா மாநிலத்து லெவிட்டவுனில் மயர்சு என்னும் கருப்பர் குடும்பம், வீட்டை விற்க முன்வந்த ஒருவரிடமிருந்து வாங்கிக் குடியேறியது. கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அக்குடும்பம் அஞ்சி ஓடவில்லை, அங்கேயே வாழ்ந்தது.

இதற்கு எதிரான வழியும் உலகில் உண்டு. நம் தஞ்சை மாவட்டத்தார் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில் 1960-இல் வீட்டு வசதி வாரியம் தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டுக் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அரசு கட்டிய அடுக்கு வீடுகளில் வாழ்கின்றனர். 1989 முதல், ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோர் இன்ன அளவிற்கு மேல் ஓரினமாகக் குவியக் கூடாது என்ற விதி நடைமுறையில் உள்ளது. தமிழகத்தில் 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரமும் இவ்வெண்ணத்தில் பிறந்ததே. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு. முதலாவது சமத்துவபுரம் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. எல்லாச் சமத்துவபுரங்களிலும் சமத்துவம் குடியேறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் தெருவை அமைக்கும்போதே சாதியைக் கலைக்கலாம் என்று ஓர் அரசு எண்ணியது சிறிய செயலன்று.

இன்றைய மனையும் நம் கடமையும்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். மன்னார்குடியைச் சுற்றித் தஞ்சாவூர்ச் சாலையிலும் திருத்துறைப்பூண்டிச் சாலையிலும் நேற்று வரை நெல் விளைந்த வயல்களில் கல் நட்டு, ‘நகர்’ என்று பெயர் சூட்டி மனை விற்கின்றனர். தவணையில் கிடைக்கிறது. ஊரைத் துறந்து நகரத்தின் ஓரத்தில் குடியேறும் நம் இளைஞனுக்கு அங்கே ஒரு விடுதலையும் கிடைக்கிறது. எதிர்வீட்டார் யார் என்று எவரும் முதல்நாளே கேட்பதில்லை; பிள்ளைகள் நகரப் பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லலாம்; மருத்துவமனை அருகில் உள்ளது; மனைவி தையற்கடை வைக்கலாம். இந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுவோர் சேரியில் வாழ்ந்தறியாதவர்.

ஆனால் அங்கும் நம் மூன்று வினாக்கள் காத்திருக்கின்றன. மண் யாருடையது? கோயில் மனையில் வீடு கட்டி அடிமனை வாடகை செலுத்துவோர் டெல்டா நகரங்களில் மிகுதி. அவர்களுக்குக் கட்டடமே உரியது, மண் உரியதன்று. பூதான நிலமும் பஞ்சமி நிலமும் விற்பனைச் சரக்கு அல்ல. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மனை வாங்கிய ஏழைகளே பெரிதும் தவித்தனர். 2016 அக்டோபர் 20-க்கு முன் அமைந்த மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. ஆதலின் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் ஆகிய நான்கையும் பாராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். அரசு தரும் இலவச மனைப் பட்டாவில் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். கடனுக்காக அதனை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து இழந்தோர் கதை ஊருக்கு ஒன்று உண்டு. நூறாண்டு போராடிப் பெற்ற மண்ணை ஓர் இரவில் இழக்கலாமா?

தொலைவு எவ்வளவு? மழைக்காலத்தில் ஒருமுறை அவ்விடத்தைச் சென்று பாருங்கள். வயலாக இருந்த மண் நீரை மறப்பதில்லை. வாய்க்காலைத் தூர்த்து மனையாக்கியிருப்பின், கார்த்திகையில் நீர் தன் பழைய வழியைத் தேடி வரும். பேருந்து நிற்கும் இடம், பள்ளி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றின் தொலைவைக் காலால் அளந்து பார்த்தபின் விலையைக் கணக்கிடுங்கள். மாதப் பேருந்துச் செலவையும் மனையின் விலையோடு கூட்டுவதே சரியான கணக்கு.

அயலார் யார்? இதற்குப் பத்திரம் எழுதும் எழுத்தர் விடை தர மாட்டார். நாம்தான் தர வேண்டும். புதிய நகரில் குடியேறியபின் பெயரையும் பிறப்பையும் மறைத்து ஒதுங்கி வாழ்வோர் சிலரைக் காண்கிறோம். அச்சத்தோடு வாழும் கல் வீட்டை விட, அச்சமின்றி வாழ்ந்த கூரை வீடு மேலானது. தெருவின் நலச்சங்கத்தில் உறுப்பினராகுங்கள். சாலைக்கும் வடிகாலுக்கும் மனு எழுதும் கை உங்கள் கையாக இருக்கட்டும். படித்தவனுடைய மனுவை அலுவலகம் எளிதில் ஒதுக்குவதில்லை. ஊரில் விட்டுவந்த தெருவையும் மறவாதீர்கள். மாலைநேர வகுப்பு எடுக்க வாரம் ஒரு நாள் வந்து போங்கள்.

அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் உயர்பதவி ஏற்கச் சென்றபோது, 1917-இல் தங்க ஓர் அறை கிடைக்காமல் விரட்டப்பட்டதை நாம் அறிவோம். அவரே பம்பாயில் பரேல் பகுதியில், தொழிலாளர் வாழும் சால் கட்டடத்தில் இரு சிறு அறைகளில் 1934 வரை ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு மேல் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவர் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குச் சென்றதும், மகாத் குளத்தில் நீருண்ணும் உரிமைக்காகப் போராடியதும், வட்டமேசை மாநாட்டில் வாதாடியதும் அந்த மலிவான வீட்டு முகவரியிலிருந்தே. பின்னர் தாதரில் இராசகிருகம் என்னும் இல்லம் கட்டியபோது அதில் பேரிடம் பெற்றவை அவருடைய நூல்கள்.

எனவே இளைஞர்களே, குறைந்த விலையில் வீடு வாங்குவதில் குறையேதும் இல்லை. ஆனால் அந்த மண்ணின் உரிமையில் குறை வேண்டாம். பிள்ளையின் பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையிலான தொலைவில் அலட்சியம் வேண்டாம். அயலாரின் முன் தலைகுனிவு வேண்டவே வேண்டாம். வீட்டில் ஓர் அறைதான் எனினும், அதன் ஒரு மூலையில் பிள்ளை அமர்ந்து படிக்க ஒரு விளக்கும் ஒரு பலகையும் இருக்கட்டும். நம் சங்கத்தின் பொன்விழா மலரில் எழுதப்போகும் ஆசிரியர், இந்த நூற்றாண்டின் குடியிருப்பு வரலாற்றைத் தொடரும்போது, அந்த மூலையிலிருந்து தொடங்கட்டும்.